துருப்பிடித்த கேஸ் கிரில்: எதில் செலவழிப்பது, எதை அப்படியே விடுவது

கேள்வி: கோத்தகிரியில் மூன்று அறைகளோடு ஹோம்ஸ்டே நடத்துகிறேன். எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது நான்கு பர்னர் கேஸ் கிரில் ஒன்று எட்டாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. அமெரிக்கத் தயாரிப்பு. இரண்டு வருடமாக வெளியே கிடந்ததாம். பிளம்பர் ஏதோ அடாப்டர் போட்டு வீட்டு சிலிண்டரில் மாட்டிப் பார்த்தார். இரண்டு பர்னர் எரியவே இல்லை. மற்ற இரண்டும் மஞ்சளாக எரிந்து புகைகின்றன. உள்ளே துரு, கம்பிகள் அரித்திருக்கின்றன. ஐந்தாயிரத்துக்குள் சரிசெய்ய முடியுமா அண்ணா, இல்லை பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்:

முடியும், தம்பி. ஆனால் அந்த ஐந்தாயிரத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய கிரில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மூடிக்குப் பாலிஷ் போடுவார்கள், ஸ்டாண்டுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். காசு அதிலேயே தீர்ந்துபோகும். கடைசியில் வெடிப்பு விட்ட பழைய ஹோஸையே மாட்டி ஓட்டுவார்கள். நீங்கள் தலைகீழாகப் போங்கள். சிலிண்டர் வாயில் தொடங்கி பர்னர் ஓட்டை வரை கேஸ் போகிற பாதையில் கஞ்சம் பிடிக்காதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் தாராளமாகக் கஞ்சம் பிடிக்கலாம்.

பிளம்பர் போட்ட அடாப்டரை முதலில் கழற்றிவிடுங்கள். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

செலவில்லாத இரண்டு சோதனைகள் முதலில். பக்கவாட்டிலோ கதவின் உள்பக்கத்திலோ ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் எல்.பி. அல்லது புரொப்பேன் என்று இருக்கிறதா, நேச்சுரல் கேஸ் என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் இரண்டு வகையும் விற்கும். நேச்சுரல் கேஸ் குறைந்த அழுத்தத்தில் வருவது, கன அளவுக்குக் கன அளவு சூடும் குறைவு. அதனால் அந்த வகையின் ஜெட், அதாவது பர்னருக்குள் கேஸைச் சீறவிடும் பித்தளை முனை, அதன் ஓட்டை பெரிதாக இருக்கும். அதில் நம்ம ஊர் எல்.பி.ஜி.யை விட்டால் தேவைக்கு மேல் கேஸ் பாய்ந்து, உயரமாக மஞ்சள் தீயும் கரிப்புகையும்தான் வரும். உங்கள் மஞ்சள் தீக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியிருந்தால் ஜெட்டுகளை மாற்றியே ஆகவேண்டும், சுத்தம் செய்து பயனில்லை. எல்.பி. என்று போட்டிருந்தால் கவலையில்லை. அந்த கிரில்கள் 11 அங்குல நீர் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை (கேஸ் அழுத்தத்தை அங்கே அப்படி அளப்பார்கள்), அதாவது 27 மில்லிபார் சொச்சம். நம் வீட்டு ரெகுலேட்டர் தருவது சுமார் 30 மில்லிபார். ஒத்துப்போகும்.

இரண்டாவது, ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தீப்பெட்டியின் அடிப்பாகத்தைக் குத்திப் பாருங்கள். நான் தீப்பெட்டி என்று சொல்வது பர்னர்கள் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய தொட்டியை. மேலே செதில் செதிலாக உதிர்ந்தாலும் அடியில் உலோகம் கெட்டியாக நின்றால் பிழைத்தது. குத்தினால் உள்ளே இறங்குகிறது, அதுவும் பர்னரைத் தாங்கும் இடத்திலோ முன்பக்க வால்வுக் குழாயைப் பிடித்திருக்கும் இடத்திலோ இறங்குகிறது என்றால், இரும்புக் கடைதான். தகடு வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். நாளைக்கு பர்னர் சாய்ந்து ஜெட்டை விட்டு விலகினால் கேஸ் நேராகத் தொட்டிக்குள் கொட்டும்.

இனி உங்கள் பிரதான கோளாறு. இரண்டு வருடம் வெளியே கிடந்தது, இரண்டு பர்னர் எரியவில்லை, இரண்டு மஞ்சள். ஜெட் சரியான வகையாக இருக்கும் பட்சத்தில், உள்ளே எட்டுக்கால் பூச்சியோ குளவியோ குடியிருக்கிறது என்று நூற்றுக்குத் தொண்ணூறு சொல்லலாம்.

பர்னர் குழாயின் முன்முனை ஒரு வாய்போல் திறந்திருக்கும். வால்விலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளை ஜெட் அதற்குள் மூக்கை நுழைத்திருக்கும். கேஸ் சீறிப் பாயும் வேகத்தில், பக்கத்தில் உள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகும். இரண்டும் கலந்தால்தான் நீலத் தீ. அந்த வாயில் வலை பின்னியிருந்தால் காற்று போவது குறையும், தீ மஞ்சளாகும். முழுக்க அடைத்திருந்தால் கேஸ் குழாய்க்குள் போகாமல் முன்பக்கமாகத் திரும்பி வரும். அப்போது நீங்கள் லைட்டர் அடித்தால் தீ பற்றுவது தொட்டிக்குள் இல்லை, குமிழ்களுக்குப் பின்னால், உங்கள் கைக்கு அருகில். ஆகவே சுத்தம் செய்து முடிக்கும் வரை மறுபடி பற்றவைக்கவே வேண்டாம்.

பூச்சிக்கு அங்கே என்ன வேலை என்று நினைக்கலாம். இருட்டு, காற்றோட்டம், விரல் நுழையும் அளவு துளை. அதற்கு வேறென்ன வேண்டும்? 2011-இல் மஸ்தா நிறுவனம் வட அமெரிக்காவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப வரவழைத்தது, பெட்ரோல் டேங்கின் காற்றுக் குழாயில் எட்டுக்கால் பூச்சி வலை பின்னிய காரணத்துக்காக. நம்ம தேயிலைக் காட்டில் கேட்கவா வேண்டும்.

பர்னரை வெளியே எடுப்பது சுலபம். பின்முனையில் ஒரு பின் அல்லது ஒரு ஸ்க்ரூதான் பிடித்திருக்கும். துருவேறி அசையவில்லை என்றால் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். அப்புறமும் வரவில்லையென்றால் தலையை கிரைண்டரில் சீவிவிட்டு, பூட்டும்போது ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டுக்கொள்ளலாம். எடுத்த குழாயை வாய்ப்பக்கம் கீழே வரும்படி பிடித்துத் தட்டுங்கள். காய்ந்த வலை, செத்த பூச்சி, குளவி கட்டிய மண் எல்லாம் கொட்டும். பால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷை ஒரு சைக்கிள் ஸ்போக்கில் இறுகக் கட்டி உள்ளே விட்டு உருட்டி இழுங்கள். குளவி மண் இறுகியிருந்தால் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் கரையும். பிறகு தண்ணீரை ஒரு முனையில் விட்டால் எல்லாத் துளைகளிலும் ஒரே சீராக வெளியே வரவேண்டும். வராத துளையை மட்டும் ஊக்கு முனையால் குத்திவிடுங்கள். டிரில் பிட் வேண்டாம், ஓட்டை பெரிதாகிவிடும். கடைசியில் வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் பூட்ட வேண்டும்.

இரண்டு துளைகளுக்கு நடுவே உலோகம் கரைந்து ஒரே வாயாகத் திறந்திருக்கும் பர்னர் இனி உதவாது. அதை மாற்றுங்கள். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்டெயின்லெஸ் குழாய் பர்னர்கள் ஆன்லைனில் கிடைக்கும், கம்பெனி ஒரிஜினலுக்கு அலையத் தேவையில்லை. உங்கள் பட்ஜெட்டில் பெரிய செலவு என்று வந்தால் இதுதான் வரும். நாலில் இரண்டுதான் போயிருக்கிறது என்றால் இரண்டை மட்டும் வாங்குங்கள். நாலும் போயிருந்தால் இரண்டை மாற்றி, மிச்ச இரண்டு வால்வுகளின் வாயை முறையான மூடி போட்டு அடைத்து, குமிழையும் கழற்றி வைத்துவிடலாம். மூன்று அறை விருந்தாளிகளுக்கு இரண்டு பர்னர் தாராளம்.

ஜெட்டின் ஓட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓட்டை வட்டமாகத் தெரியவேண்டும். அடைப்பு இருந்தால் பழைய பம்ப் ஸ்டவ்வுக்குப் போடும் பின் போதும். அழுத்தித் துருவக்கூடாது. குமிழ் திருகும்போது இறுக்கமாக இருந்தால் வால்வை நீங்களே பிரிக்காதீர்கள். கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்பவர் அதற்கென்று இருக்கும் கிரீஸ் தடவித் தருவார், அரை மணி வேலை. வண்டிக்குப் போடும் கிரீஸ் சூட்டில் உருகி வழியும், கேஸும் கசியும்.

இப்போது அந்த அடாப்டர். அமெரிக்க கிரில்லின் ஹோஸ் முனையில் பெரிய பிளாஸ்டிக் நட்டோடு ஒரு ரெகுலேட்டர் இருக்கும். அது நம் சிலிண்டர் வாயில் உட்காராது. அதை எதையாவது வைத்து உட்காரச் செய்வதுதான் பிளம்பர்கள் செய்கிற வேலை. அந்த ஹோஸ், ரெகுலேட்டர் இரண்டையும் அடியோடு கழற்றி எறிந்துவிட்டு, கிரில்லின் முன் குழாய் முனையில் ஹோஸ் மாட்டும் பித்தளை நிப்பிள் போடுங்கள். அந்த முனை பெரும்பாலும் ஃப்ளேர் வகையாக இருக்கும். உலோகத்தோடு உலோகம் உட்கார்ந்து அடைக்கும் மூட்டு அது. அதில் டெஃப்லான் டேப் சுற்றினால் சரியாக உட்காராமல் கசியும். தண்ணீர்க் குழாய் வேலை செய்து பழகியவர்கள் கை தானாக டேப்பைத் தேடும் என்பதால் சொல்கிறேன். கேஸ் அடுப்பு வேலை தெரிந்தவரைக் கொண்டே இதைச் செய்யுங்கள்.

ஹோஸ், ஆரஞ்சு நிற சுரக்ஷா ஹோஸ். ஐ.எஸ். 9573 என்று அச்சடித்திருக்கும். உள்ளே கம்பி வலை உள்ளது, எலி கடித்தாலும் தாங்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். சில நூறு ரூபாய்தான். இங்கே மிச்சம் பிடித்து எதுவும் கட்டப் போவதில்லை. தொட்டிக்கு அடியில் ஹோஸ் போகக்கூடாது. இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள். பிறகு எல்லாக் குமிழையும் மூடிவைத்து, சிலிண்டரைத் திறந்து, மூட்டு மூட்டாகச் சோப்பு நுரை தடவுங்கள். குமிழ் மூடியிருக்கும்போதே ஜெட் முனையில் குமிழி வந்தால் அந்த வால்வு போய்விட்டது என்று அர்த்தம். தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்க்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கசிவு நிற்கவில்லை என்றால் சிலிண்டரை மூடிவிட்டு 1906-க்குக் கூப்பிடுங்கள், இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

சிலிண்டரைப் பற்றி இரண்டு விஷயம். ஹோம்ஸ்டே என்றால் அது வியாபாரம். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை அதற்குப் பயன்படுத்த 2000-ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. விநியோக ஆணை அனுமதிப்பதில்லை. 19 கிலோ வணிக சிலிண்டர் எடுங்கள். ரெகுலேட்டர் மட்டும் குறைந்த அழுத்த வகையாகவே இருக்கட்டும். ஹோட்டல் பட்டி அடுப்புக்குப் போடும் உயர் அழுத்த ரெகுலேட்டரை இதில் மாட்டினால் தீ ஆளுயரம் எழும்.

இன்னொன்று நம் மலைச்சரிவு. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தண்ணீர் மாதிரி பள்ளம் தேடிப் போகும். கோத்தகிரியில் வீடுகள் படிப்படியாகத்தானே இருக்கின்றன? மேல் படியில் கிரில் வைத்து, கீழ்ப் படியில் விறகடுப்போ பாய்லரோ இருந்தால் கசிந்த கேஸ் அங்கே போய்த்தான் பற்றும். இடம் தேர்ந்தெடுக்கும்போது கீழே என்ன இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். கண்ணாடி அடைத்த வராந்தாவும் கூடாது. கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி உயிர்விட்டவர்கள் பற்றிய செய்தி கொடைக்கானல் பக்கம் வந்திருக்கிறது. கேஸ் கிரில்லும் அடைத்த இடத்தில் அதே நச்சுப்புகையைத்தான் விடும்.

எல்லாம் சரியாகப் பூட்டிய பிறகும் “கீழே கோயம்புத்தூரில் எரிகிற மாதிரி எரியவில்லையே” என்று தோன்றும். அது கோளாறு இல்லை. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அதே ஜெட், அதே ரெகுலேட்டர் வைத்தாலும் வெளிவரும் கேஸின் எடை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். ஊட்டியில் இன்னும் கொஞ்சம் குறையும். கூடவே குளிரும் காற்றும் சூட்டை அடித்துக்கொண்டு போகும். மூடியை மூடி இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகச் சூடேற்றுங்கள், கிரில்லின் முதுகில் காற்று நேராக அடிக்காதபடி வையுங்கள். ஜெட்டைக் குடைந்து பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்று சொல்பவர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். கேஸ் கூடும், இழுக்கிற காற்று அதற்கேற்பக் கூடாது, மறுபடி மஞ்சள் தீதான். தீயைச் சீராக்க பர்னர் கழுத்தில் உள்ள காற்றுத் திறப்பின் ஸ்க்ரூவைத் தளர்த்தித் திருப்புங்கள். நீலமும் நுனியில் துளி மஞ்சளும் இருந்தால் சரி. தீ துளையை விட்டுத் தாவி இரைந்தால் காற்று அதிகம்.

மார்கழி, தை மாத ராத்திரியில் வேறொரு தொல்லை வரும். எல்.பி.ஜி. என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். பியூட்டேனின் கொதிநிலை பூஜ்யத்தை ஒட்டியது. நாலு பர்னரும் முழுசாக எரிந்தால், மணிக்கு 40,000 பி.டி.யு. (சூட்டை அளக்கும் அலகு) தரும் கிரில் என்று வைத்துக்கொண்டால், மணிக்குச் சுமார் 0.9 கிலோ கேஸ் போகும். அவ்வளவு திரவம் ஆவியாக, சூட்டை சிலிண்டரிடமிருந்தே உறிஞ்சும். அடிப்பாகம் சில்லிட்டு வேர்க்கும், பனி கூடப் படியும். ஆவி ஈடுகொடுக்காமல் தீ சிறுத்துப்போகும். புரொப்பேன் முந்திக்கொண்டு தீர்வதால் பாதி காலியான சிலிண்டரில் இது இன்னும் மோசம். பெரிய சிலிண்டருக்குக் குளிர் ஏற நேரமாகும், 5 கிலோ குட்டி சிலிண்டர் உடனே சோர்ந்துவிடும். அந்த நாட்களில் இரண்டு பர்னரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிலிண்டரைப் படுக்கவைப்பது, கொதிநீர் ஊற்றுவது, பக்கத்தில் நெருப்பு மூட்டுவது எதுவும் கூடாது.

சுத்தம் செய்வதற்கு ஒரு காந்தம் தேடி எடுத்துக்கொள்ளுங்கள், பழைய ஸ்பீக்கரில் கிடைப்பது போதும். தீப்பெட்டியில் அது ஒட்டாமல், உலோகமும் மங்கிய சாம்பல் நிற வார்ப்பாக இருந்தால் அது அலுமினியம். ஹோட்டல்களில் பிசுக்கு எடுக்கப் போடும் காஸ்டிக் சோடா அதன் மேல் படவே கூடாது. பொங்கி நுரைத்து அலுமினியத்தையே தின்னும், வெளிவருவது ஹைட்ரஜன். சுடுதண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, புட்டிக் கத்தி, பொறுமை, இவ்வளவுதான் தேவை. நீலகிரித் தைலம் பிசுக்கை நன்றாகக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் சீக்கிரம் தீப்பற்றும், கிரில்லுக்குள் அது வேண்டாம். மூடியின் உள்பக்கம் கறுப்பாக உரிவது பெயிண்ட் என்று பயப்படாதீர்கள், கொழுப்பு கரிந்து படிந்ததுதான். சுரண்டினால் போய்விடும். உள்ளே எந்தப் பெயிண்டும் அடிக்கக்கூடாது. வெளியே வேண்டுமானால் பைக் சைலன்சருக்கு அடிக்கும் கறுப்பு ஸ்ப்ரே ஒன்று போதும்.

பர்னருக்கு மேல் உள்ள சூட்டுத் தகடு அநேகமாக உதிர்ந்திருக்கும். எஸ்.எஸ். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், 18 கேஜ் தகட்டைக் கூரை மடிப்பாக மடித்து எந்தப் பட்டறையிலும் தருவார்கள். அந்தக் காந்தத்தைப் பட்டறைக்கும் கொண்டு போங்கள். 304-இல் அது ஒட்டாது, வளைத்த இடத்தில் லேசாக இழுக்கலாம். பளிச்சென்று ஒட்டினால் அது 430 என்ற மட்டமான வகை, நம் பனியில் சீக்கிரம் துருவேறும். ஜி.ஐ. தகடு விலை குறைவு என்று அதில் மடித்துவிடாதீர்கள். மேலே பூசியது துத்தநாகம், தீக்கு மேல் வைக்கும் பொருளே இல்லை.

சமைக்கும் கம்பி வார்ப்பிரும்பாக இருந்தால் அதிர்ஷ்டம். துருவைத் தேய்த்து எடுத்து, கழுவி, உடனே சூடாக்கி, நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவி புகை அடங்கும் வரை காயவிடுங்கள். நாலைந்து முறை செய்தால் புது தோசைக்கல் பழகுவதுபோலப் பழகிவிடும். எனாமல் பூசிய கம்பியில் சில்லு சில்லாக உரிந்தால் தூக்கிப் போடுங்கள், உரிவது கண்ணாடி, சாப்பாட்டில் சேரும். புதிதாகச் செய்தால் 6 மி.மீ. எஸ்.எஸ். 304 கம்பி போதும். மீட்டருக்கு 220 கிராம் எடை. 70-க்கு 45 செ.மீ. அளவில், கம்பிக்குக் கம்பி 12 மி.மீ. இடைவெளி விட்டால் பதினெட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். சட்டத்தோடு சேர்த்து நாலரை கிலோவுக்குள். கிலோ விலையைக் கேட்டுப் பெருக்கிக்கொண்டு பேரம் பேசுங்கள். ஆர்கான் வெல்டிங் கூலி தனி. மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ செய்தால் இங்கே கேட்பதைவிடக் குறையும். தினசரி சுத்தத்துக்குக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் முள் உதிர்ந்து கறியோடு தொண்டைக்குப் போய் மாட்டியவர்கள் உண்டு. சூடான கம்பி மேல் பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேயுங்கள்.

இக்னைட்டர், அதாவது தானாகத் தீப்பொறி தரும் பாகம், வேலை செய்யவில்லை என்றால் விடுங்கள். நீளமான லைட்டர் போதும். ஒன்று மட்டும்: மூடியைத் திறந்து வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். சில வினாடியில் பற்றவில்லை என்றால் குமிழை மூடி, ஐந்து நிமிடம் காற்றாட விட்டு மறுபடி முயலுங்கள்.

வேலை முடிந்த ராத்திரியே கொழுப்புத் தட்டை எடுத்துக் கழுவி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். கோயில் விளக்கெண்ணெய்க்கே வரும் கரடிகள் உங்கள் ஊரில் சுற்றுகின்றன. கறிக்கொழுப்பு வாசனைக்கு வராமல் இருக்குமா? வந்தால் கிரில்லை உருட்டிவிட்டுத்தான் போகும். உறை போடுவதாக இருந்தால் கிரில் முழுக்க ஆறிய பிறகு, அடிப்பக்கம் ஒரு சாண் திறந்திருக்கும்படி போடுங்கள். தரை வரை மூடினால் பனி உள்ளேயே தங்கி, உறை இல்லாததைவிட வேகமாகத் துருவேற்றும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் கிடந்தால், அடுத்த முறை பற்றவைக்கும் முன் பர்னர்களை உருவி வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். சித்திரை சீசனுக்கு முன் எப்படியும் ஒருமுறை.